ஏழாம் அறையில் முளைப்பாரி

ஏழாம் அறையில் அன்றைக்கு மழை. அது அன்றைக்கு உருவான மழை இல்லை. தென்மேற்கு ஆப்பிரிக்காவில், கடலை ஒட்டிய ஒரு மலைச்சரிவில், அறுபது வருடங்களுக்கு முன்னால் பெய்து ஓய்ந்த மழை. அந்தச் சரிவில் இப்போது மழையும் கிடையாது, குளிரும் கிடையாது, மனிதர்களும் கிடையாது. அதன் மழை மட்டும் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில், சிவப்பு மணலுக்குள் பாதி புதைத்துக் கட்டிய ஒரு கட்டடத்தில், நேரம் தவறாமல் பெய்துகொண்டிருந்தது.

கட்டடத்துக்கு வானிலைப் பெட்டகம் என்று பெயர். ஓர் ஊரின் வானிலை அடியோடு மாறிப்போவதற்கு முன்னால் அங்கே யாராவது குறித்து வைத்த வெப்பம், ஈரம், காற்று, மழை எல்லாவற்றையும் சேகரித்து, ஓர் அறைக்குள் நாள் வாரியாகத் திரும்ப ஓட்டுவார்கள். அந்த ஊரில் பிறந்த செடிகள் அந்த அறையில் பிழைத்துக் கிடக்கும். வேறு எங்கே வைத்தாலும் செத்துப்போகும். மனிதன் சென்னை வெயிலுக்கும் பழகுவான், சிம்லா குளிருக்கும் பழகுவான். செடி பிடிவாதக்காரச் சாதி.

"இவ்வளவு செலவு பண்ணி ஒவ்வொரு நாளையும் ஓட்டணுமா? சராசரியா ஒரு வெப்பத்தை வெச்சுட்டாப் போதாதா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"செடிக்குச் சராசரி தெரியாதுங்க. அதுக்கு நேத்து தெரியும், இன்னைக்கு தெரியும்" என்பாள் சுயம்புக்கனி.

பெட்டகத்தின் பொறுப்பு அவளுடையது. கோவில்பட்டிக்காரி. நாற்பதைத் தாண்டியவள். அறைகளை விட்டுவிட்டு வரமுடியாது என்று அவள் சொல்லிச் சொல்லியே, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பாதி நிம்மதி, பாதி வருத்தம் என்று அதைப் பற்றி அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

ஏழாம் அறையில் ஒரே ஒரு செடி. அடித்தண்டு பெருத்து, வயலில் விட்டுவிட்ட கல்யாணப் பூசணி மாதிரி மணலில் உட்கார்ந்திருக்கும். கிடைக்கிற தண்ணீரையெல்லாம் அந்த வயிற்றுக்குள் பதுக்கிக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா இருக்கும் இனம். ஒரு சாண் வளர்வதற்குள் மனிதனுக்கு ஓர் ஆயுள் முடிந்துவிடும். உச்சியில் நாலைந்து குட்டைக் கிளைகள். இலை இல்லை. பெட்டகத்துக்கு வந்து ஒன்பது வருடத்தில் பேருக்கு ஓர் இலை விட்டதில்லை. எல்லோரும் ஊழியம் செய்ய, தான் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருப்பதால் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தான் இசக்கிராஜா. பெட்டகத்து இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

மகாராணியின் இனத்தில் உலகத்திலேயே மிச்சம் அது ஒன்றுதான். அந்த ஆடியில் பெட்டக ஆணையத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அறைக்காகக் காத்திருக்கும் ஊர்கள் ஏராளம். ஆடி முடிவதற்குள் ஒரு நிபுணர் வந்து பார்ப்பார். உயிர் இருப்பதற்கு அடையாளம் இல்லையென்றால் ஏழாம் அறை வேறொரு வானிலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தச் சரிவின் மழை பூமியில் எங்கேயும் பெய்யாது.

சுயம்புக்கனி தினமும் காலையில் மகாராணியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஒரே ஒரு இலை விடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். மகாராணி அசைந்து கொடுக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் பேச்சித்தாய் பெட்டகத்துக்கு வந்தாள். பக்கத்து ஊரான கருக்குவிளையில் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. இசக்கிராஜாவுக்கு மாமியாரும் அவள்தான். இரண்டாவது பதவியில் அதிகாரம் கொஞ்சம் கூடுதல்.

"மூணு வருசமா முளை கருகிப் போவுது மேடம்" என்று ஆரம்பித்தாள். "சட்டியில வைக்கோலு, ஆட்டெரு, பயறு எல்லாம் முறைப்படிதான் போடுதோம். இருட்டு வீட்டுக்குள்ள வச்சு, வெளிச்சம் படாம, விரதமிருந்துதான் தண்ணி தெளிக்கோம். சுவரே அடுப்பாட்டம் கொதிச்சா முளை என்ன செய்யும்? முளை கருகினா ஊருக்கு ஆகாதுன்னு பிள்ளைகளுக்கு மனசே சரியில்ல."

"கஷ்டமாத்தான் இருக்கு. நான் என்ன செய்யணும்?"

"உங்க ஏழாம் ரூமு குளுகுளுன்னு இருக்காம. மருமவன் சொன்னாவ."

இசக்கிராஜா சுவரில் இருந்த ஒரு பல்லியை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"அதுக்குள்ள ஒரு புல்லைக்கூட வைக்கக் கூடாதும்மா. அந்த ஊர்ல என்ன இருந்துச்சோ அது மட்டும்தான் இருக்கணும். அதுதான் சட்டம்."

"செத்த ஊருக்கு மழை பேய வைக்க, தெனம் மத்தியானம் எங்க ஊரு கரண்டத்தான எடுக்கிய? நாங்க பிள்ளைகளுக்கு ஓலை விசிறிய வச்சு விசிறிக்கிட்டுக் கெடக்கோம். என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பமா? இப்ப ஒரு மூலையக் கேக்கோம். கொடை முடியுற வரைக்கும்."

சுயம்புக்கனிக்கு முகம் சுருங்கியது. "நீங்க சொல்றது நியாயம்தான்மா. ஆனா..."

"நியாயம்னு சொன்ன பொறவு ஆனா என்ன ஆனா?"

பேச்சித்தாய் எழுந்து சேலையை உதறினாள். வாசல் வரை போனவள் என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், உங்களுக்குக் குலவை போட வருமா?"

"வராதும்மா. சின்னதுல ஒரு தடவை போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன்."

"அதான" என்றாள் பேச்சித்தாய், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது போல.

மகாராணிக்கு இன்னும் ஒரு வருடம் தவணை கேட்பதற்காக சுயம்புக்கனி சென்னைக்குப் போனாள். ஆணையத்தில் ஒவ்வொரு அறையாக உட்கார வைத்தார்கள். இன்று வா, நாளை வா என்று இழுத்தார்கள்.

இங்கே இசக்கிராஜாவின் வீட்டில் சோறு வெறும் கஞ்சியாகிவிட்டது. மனைவி காந்திமதி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் தினமும் வந்து, திட்டாமல், மாப்பிள்ளைக்குரிய மரியாதையோடு, "மருமவன் சௌரியமா இருக்கியளா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கடைசியில் ஏழாம் அறையின் சாவியை எடுத்தான்.

சட்டிகள் ஓரமாக இருக்க வேண்டும், மேலே ஓலைப்பாய் மூடியிருக்க வேண்டும், மகாராணியின் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். பேச்சித்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சொன்னபடியே நடந்தும் கொண்டாள். ஆனால் இரண்டாம் நாளே சட்டிகளில் ஈரம் காய்ந்து, முளை தலை சாய்ந்துவிட்டது.

"மருமவனே, மேல என்னமோ உய்யினு காத்தை உறிஞ்சுதே, அது என்னது?"

"ஈரம் உறிஞ்சுற மெஷின் அத்தை. பாலைவனத்து ஊருல்லா, காத்து காஞ்சுதான் இருக்கணும்."

"அத அமத்துங்க."

"அமத்தக் கூடாது அத்தை."

"சரி. அப்ப முளை போச்சுன்னா அம்மங்கிட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க."

இசக்கிராஜா மகாராணியைப் பார்த்தான். ஒன்பது வருடமாக விடாத இலையை இந்த ஒன்பது நாளிலா விட்டுவிடப் போகிறது என்று நினைத்து, இயந்திரத்தை நிறுத்தினான்.

ஏழாம் அறையின் ஊருக்கு ஆடி குளிர்காலம். கருக்குவிளைப் பெண்கள் அதுவரை குளிரைச் சினிமாவில்தான் பார்த்திருந்தார்கள். முதல் நாள் விடியற்காலையில் உள்ளே போனவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். மறுநாள் முதல் போர்வை, துண்டு, புருஷனின் சட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார்கள். காந்திமதி எங்கிருந்தோ ஒரு குரங்குக் குல்லாய் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டாள். சட்டிகளைச் சுற்றி வந்து கும்மி கொட்டினார்கள். பல் கிட்டித்ததில் பாட்டு பாதியில் உடைந்து, அதற்கும் சிரித்தார்கள். "நடுங்குததும் எம்புட்டு சொகமா இருக்கு" என்றாள் ஒருத்தி. சாமி காரியத்தில் இவ்வளவு சிரிப்பு கூடாது என்று பேச்சித்தாய் அதட்டினாள். அதட்டும்போது அவள் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சென்னையில் தவணை கிடைக்கவில்லை. நிபுணர்தான் கிடைத்தார். கொடைக்கு முந்தின நாள் காலை ரயிலில் சுயம்புக்கனியுடன் அவரும் வந்து இறங்கினார். பெயர் ஹெலேனா. எழுபதை நெருங்கிய, உயரமான பெண்மணி. மகாராணி பிறந்த அதே சரிவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே அவருடைய குடும்பம் கிணறு வற்றி வெளியேறியது. சட்டைக் கழுத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி மாட்டியிருந்தார். அது எந்தப் புலவரிடம் தமிழ் படித்ததோ தெரியவில்லை.

"தங்களுக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்ட விழைகிலேன்" என்றது கருவி, ஜீப்பில் வரும்போது. "இலை இன்றேல் அறை இல்லை."

"சொந்த ஊர் வானிலையை நீங்களே மூடப் போறீங்களா?" என்று சுயம்புக்கனி கேட்டுவிட்டாள்.

ஹெலேனா ஜன்னலுக்கு வெளியே சிவப்பு மணலைப் பார்த்தபடி சொன்னார்: "அறை திறந்த நாளில் கூட்டத்தில் ஒருத்தியாய் இங்கு வந்தேன். ஏழாம் அறையில் நின்றேன். அது என் ஊர் போல் இல்லை. எது குறைகிறது என என்னால் கூற இயலவில்லை. பொய்யான ஊரைக் காப்பதில் எனக்கு விருப்பமில்லை."

சுயம்புக்கனிக்கு அந்தச் சொல் தைத்தது. ஒன்பது வருடம் ஒரு பொய்க்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோமா என்று வழியெல்லாம் உள்ளுக்குள் குமைந்துகொண்டு வந்தாள்.

ஏழாம் அறையின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தாள். பிறகு குளிர் முகத்தில் பட்டது. புகை இல்லை, மூடுபனி. அதற்குள்ளிருந்து கைதட்டும் சத்தம். நாலு எட்டு வைத்ததும், வரிசையாகச் சட்டிகள், அவற்றில் முழங்கால் உயரத்துக்கு வெளிறிய முளைகள், அவற்றைச் சுற்றிப் போர்வை போர்த்திய பெண்கள். குரங்குக் குல்லாய் போட்ட காந்திமதி இவளைப் பார்த்துவிட்டு, தட்டத் தூக்கிய கைகளை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள்.

"எல்லாரும் வெளியே போங்க" என்றாள் சுயம்புக்கனி. அழுகை வரும் போலிருந்தது. நிபுணர் பார்த்துவிட்டார், இனி பேசுவதற்கு ஒன்றும் இல்லை. இசக்கிராஜா கதவின் ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

ஹெலேனா யாரையும் கவனிக்கவில்லை. பனிக்குள் நடந்து போய் நடுவில் நின்றார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். முகம் நனைந்திருந்தது, பனியாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். கருவி சொல்லிற்று: "இது எங்கள் வீட்டுக் காலைப்பொழுது."

யாருக்கும் புரியவில்லை.

"இந்தப் பனியை வரவழைத்தவர் யார்?"

பெண்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். "பனியெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் பேச்சித்தாய். "நாங்க சட்டிக்குத் தண்ணிதான் தெளிச்சோம். விடியக்காலம் பாத்தா இப்படித்தான் ரூமே வெள்ளையாக் கெடக்கு."

இசக்கிராஜா திருகாணியை விட்டுவிட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்தியதைச் சொன்னான். சுயம்புக்கனிக்குக் கோபத்தின் நடுவே கணக்கு ஓட ஆரம்பித்தது. சட்டியிலிருந்து ஈரம் காற்றுக்குப் போகிறது. விடியற்காலையில் அறை குளிர்கிறது. ஈரம் போக வழியில்லாமல் பனியாக நிற்கிறது. அதுவரை சரி.

"ஆனா பதிவுல பனின்னு எதுவுமே இல்லையே. அந்த ஊர் ஈரம் ரொம்பக் குறைச்சல்னுதானே இருக்கு" என்றாள்.

"யார் குறித்த பதிவு?" என்றார் ஹெலேனா.

"அங்க பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் இருந்தார். தினமும் குறிச்சு வெச்சிருக்கார். மத்தியான மணி அடிச்ச பிறகு..." சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மத்தியானத்தில் குறித்தது. காலை ஈரம் என்ன என்பதை யாரும் அளக்கவில்லை. அந்த இடத்தைக் கணினி தானாக நிரப்பிக்கொண்டது. மழைமானியிலோ பனி விழாது.

ஹெலேனா சிரிக்க ஆரம்பித்தார். "எம் ஆசிரியர் துயில்மேல் பெருவிருப்பினர். வெயில் ஏறிய பின்னரே வெளிவருவார்."

"உங்க ஊர்க்காரங்க வேற யாருமே பனியைப் பத்திச் சொல்லலையே."

"அதை வானிலை என்று எவரும் எண்ணியதில்லை. அது நாள்தோறும் கடலிலிருந்து வரும். வந்து, போகும். அவ்வளவே."

"நித்தம் வாரதை யாரு எழுதி வைப்பா?" என்றாள் பேச்சித்தாய்.

வெளியே போகச் சொன்னது இன்னும் அமலில் இருப்பதாக நினைத்துச் சில பெண்கள் சட்டிகளைத் தூக்க ஆரம்பித்திருந்தார்கள். காந்திமதி பனியில் வழி தெரியாமல் மகாராணியின் பக்கம் போய்விட்டு, குனிந்து பார்த்தாள்.

"அய்ய, நம்ம பயறு ஒண்ணு தெறிச்சு இது மண்டையில போயி முளைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே, கிள்ளி எறிவதற்கு விரலை நீட்டினாள்.

"தொடாதே."

சுயம்புக்கனி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. காந்திமதி விரலைச் சுட்டுக்கொண்டவள் போல இழுத்தாள். சுயம்புக்கனி மணலில் மண்டியிட்டுப் பார்த்தாள். பயறு இரண்டு இலையாக வரும், மெல்லிசாக இருக்கும். இது ஒற்றை. சுண்டுவிரல் நகத்தளவு. தடிப்பாக, விளிம்பில் சாம்பல் பூத்து, அதன் நுனியில் ஒரு துளி பனி நின்றது. மகாராணியின் கிளையிலிருந்தே வந்திருந்தது.

சுயம்புக்கனி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். இலை பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் ஒரு பெண் இப்படிக் கீழே உட்கார்ந்து பூரிக்கும்போது சும்மா இருக்கலாமா? நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பொருள் விளங்கவில்லை. மீண்டும் கூறுக" என்றது கருவி.

ஹெலேனா அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தலையைப் பின்னால் சாய்த்து, அவரும் ஒன்று போட்டார். உயரமாக, நீளமாக, மூச்சு முடியும் இடத்தில் மேலே தூக்கிவிட்டு. கருவி அதற்கும் பொருள் விளங்கவில்லை என்றது.

பேச்சித்தாய் வாயில் கைவைத்தாள். "ஏட்டி, இவிய நம்ம ஊருல்லா."

சந்தோஷத்துக்கு ஹெலேனாவே ஒரு கடிவாளமும் போட்டார். சாகப் போகிற செடியும் கடைசியாக ஓர் இலை விடுவதுண்டு. இரண்டாவது இலை வந்தால்தான் அது உயிர். ஆடி முடியும் வரை இருந்து பார்ப்பதாகச் சொன்னார். மறுநாள் கொடையில் ஒரு சட்டியை அவர் தலையில் தூக்கி வைத்தார்கள். மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருந்ததால் அவருடைய முளைப்பாரி ஊர்வலத்தில் தனியாகத் தெரிந்தது. முளை இந்த அளவுக்கு உயர்ந்து பத்து வருடமாயிற்று என்று ஊரே பேசிக்கொண்டது. இருட்டுகிற நேரத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குளத்தில் கரைத்தார்கள்.

ஏழாம் அறை காலியானது. இசக்கிராஜா பனி கக்கும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினான். பெண்கள் வளர்த்த பனியைவிட அது ஒழுங்கானது. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குக் கலைந்தது. இரண்டாவது கிளையில் கடுகளவு ஒரு மொட்டு தெரிந்தது. தெரிந்ததோடு சரி. ஒரு வாரம் அது கடுகாகவே இருந்தது. பிறகு முதல் இலையும் வாட ஆரம்பித்தது.

சுயம்புக்கனி கருக்குவிளைக்கு நடந்தாள். பேச்சித்தாய் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க முளைப்பாரியைத் திரும்பக் கொண்டாங்கம்மா. பனி இருக்கு, ஆனா அதுக்குப் போதல. வேற என்ன குறையுதுன்னு எனக்குத் தெரியல."

"கொடைதான் முடிஞ்சிட்டே. சும்மா பாரி போட்டா அம்மன் என்னன்னு கேக்க மாட்டாளா?"

"வேற வழியே இல்லையா?"

"யாராச்சும் நேந்துக்கிட்டாப் போடலாம்." பேச்சித்தாய் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. மத்தியானம் எங்க கரண்டு போற நேரம், பச்சப்பிள்ளைகளும் வயசாளிகளும் உங்க முன்ரூமுல வந்து உக்காரட்டுமா? அங்கன சுவருகூட சில்லுன்னு இருக்கு."

"இன்னைக்கே வரச்சொல்லுங்க" என்றாள் சுயம்புக்கனி. ஆணையத்தின் சட்டம் அவளுக்கு மனப்பாடம். முன்னறையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இத்தனை நாள் அது ஏன் தோன்றவில்லை என்றுதான் திரும்பி வரும்போது யோசித்தாள்.

நேர்ந்துகொண்டவர் ஹெலேனா. முத்தாரம்மன் முன்னால் அவர் நிற்க, "என் ஊரின் செடிக்கு உயிர் வரின், ஆண்டுதோறும் முளைப்பாரி எடுப்பேன்" என்று அவர் கருவி சொன்னபோது பூசாரிக்கே மெய்சிலிர்த்தது. அப்படித் தமிழ் பேசி அம்மனிடம் யாரும் கேட்டதில்லை.

சட்டிகள் திரும்ப வந்தன. போர்வைகளும் குல்லாயும் வந்தன. விடியற்காலைக் கும்மியும் வந்தது. ஆடிக் கடைசியில் ஒரு காலை, கடுகு வெடித்து இரண்டாவது இலை விரிந்தது. முதல் இலை நிமிர்ந்து நின்றது. இந்த முறை பேச்சித்தாய்தான் முதலில் பார்த்தாள். மேடத்தைக் கூப்பிட அவள் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று கழன்று மணலில் கிடந்தது.

"எது காரணம்?" என்று கேட்டார் ஹெலேனா, எல்லோரும் ஓய்ந்த பிறகு.

"பனியா, ஆட்டெருவா, இவங்க விடுற மூச்சா, இல்ல அந்தக் குலவையான்னு தெரியல" என்றாள் சுயம்புக்கனி. "ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"நிறுத்திப் பார்ப்பீர்களா?"

"எனக்குத் தைரியம் இல்ல."

"எனக்கும் இல்லை" என்றார் ஹெலேனா. இரண்டு இலைகளையும் பார்த்தபடி சொன்னார்: "விடியலில் என் அன்னையும் அண்டை வீட்டாரும் ஆடு கறக்கச் சரிவில் ஏறுவர். பனியில் ஒருவரை ஒருவர் காண இயலாது. தொலைந்து போகாதிருக்க அந்த ஒலியை எழுப்புவர். ஒருவர் எழுப்பினால் மற்றவர் பதில் தருவர். நாள்தோறும். அதையும் எவரும் குறித்து வைக்கவில்லை."

ஏழாம் அறையின் வானிலை அன்றைக்குத் திருத்தி எழுதப்பட்டது. வெப்பம், காற்று, மழை, விடியலில் மூடுபனி. அதன் கீழே, விடியலில் பெண்கள் குரல். ஆணையத்தில் அதைப் படித்தவர்கள் எழுத்துப்பிழை என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால் அறை தப்பியது.

ஆவணியில் காந்திமதியின் சித்தி மகளுக்குச் சாத்தான்குளத்தில் கல்யாணம். கருக்குவிளையே கிளம்பியது. காலை முகூர்த்தம், விடியும் முன்பே வேன் புறப்பட வேண்டும். பேச்சித்தாய் தானே வந்து சுயம்புக்கனிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். அவளைக் கல்யாணத்துக்கு ஒருவர் நேரில் வந்து அழைத்து வெகுநாளாகிவிட்டது.

"வராம இருந்துராதிய. ஆனா மகாராணிக்கு யாரு குரல் குடுப்பா? அதான் ரோசனையா இருக்கு."

"அன்னைக்கு வேனை இங்க வாசலுக்கே கொண்டு வந்துடுங்க. நான் உள்ள பாத்துட்டு வந்துடறேன்."

கல்யாணத்தன்று அதிகாலையில், பட்டுப்புடவையின் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏழாம் அறைக்குள் போனாள். பனி நிறைந்து நின்றது. மகாராணி நாலு இலையோடு உட்கார்ந்திருந்தது. சுயம்புக்கனி சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நாக்கை மடித்து, ஒன்று போட்டாள். கோழி முட்டையிட்டது போல ஒரு சத்தம் வந்தது. வெட்கமாக இருந்தது. அவள் முன்னால் யாராவது இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பாள். இரண்டாவது கொஞ்சம் உருண்டது. மூன்றாவது தடவை மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, சிரித்தவர்கள் எல்லோரையும் மறந்துவிட்டுப் போட்டாள். அது வந்தது. சுவரில் மோதித் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது.

அறைக்குள் பேசுவதை வாசலில் கேட்பதற்கு ஓர் ஒலிபெருக்கி உண்டு. முந்தின நாள் அதை இசக்கிராஜா சரிபார்த்துவிட்டு அணைக்க மறந்திருந்தான். மறந்ததாகத்தான் இன்றுவரை சொல்கிறான்.

அவள் குலவை ஓய்ந்த மறுநிமிடம், வாசலில் நின்ற வேனுக்குள்ளிருந்து ஊரே பதில் போட்டது.

சுயம்புக்கனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு போர்வையை உதறிவிட்டு, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வேனைப் பிடிக்க ஓடினாள்.